நாலு பிரேக் பேடில் ஒன்று மட்டும் ஏன் கரைகிறது?

மெக்கானிக் ஆசான் என் காரின் முன் சக்கரங்களில் இருந்த நாலு பிரேக் பேடையும் கழற்றி, பழைய தினசரித் தாள் ஒன்றை விரித்து அதன்மேல் வரிசையாக வைத்தார். இடது உள், இடது வெளி, வலது உள், வலது வெளி என்று வண்டியில் இருந்த அதே வரிசை. மூன்று பேடில், தேய்வதற்கென்றே ஒட்டியிருக்கும் லைனிங் பாதிக்கு மேல் இருந்தது. இடது உள் பேடில் மட்டும் ஒரு முனையில் சாம்பல் நிறத்தில் கோடு போல ஏதோ மிச்சம், மறுமுனையில் அதுவும் இல்லை, வெறும் இரும்புத் தகடு, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கில் உரசிப் பளபளவென்று இருந்தது.

"பேடு மாத்தி எத்தனை நாளாச்சு அண்ணாச்சி?"

"பதினோரு மாசம் ஆசானே. ஒன்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு."

"அதுக்கு முன்னாடி மாத்தினது?"

அதற்கு முன்னாலும் கிட்டத்தட்ட அதே கதைதான். இரண்டு வருஷத்தில் இரண்டு செட் போட்டாகிவிட்டது, இது மூன்றாவது. இரண்டு தடவையும் ஊர்ப் பக்கத்து ஒரு ஒர்க்ஷாப்பில் விட்டேன், இரண்டு தடவையும் 'பேடு போயிடுச்சு சார், புதுசு போட்டாச்சு' என்று அரை மணி நேரத்தில் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பழைய பேடைக் காட்டச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. காட்டியிருந்தால் மட்டும் எனக்கு என்ன புரிந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

நான் செங்கோட்டைக்காரன். வாரத்தில் இரண்டு மூன்று நாள் புனலூர் போய்வருகிற வேலை. புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏறி, கோட்டைவாசலைக் கடந்து, ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை என்று இறங்குகிற அந்த ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும், ஜல்லியும் எம் சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரி ஒன்று முன்னால் மாட்டிக்கொண்டால் பிரேக் மிதியிலிருந்து காலை எடுக்கவே வேலை இருக்காது. ஜூன் பிறந்தால் சாரல் வேறு. குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அது சீசன், என் வண்டியின் அடிப்பாகத்துக்கு மூன்று மாதச் சேற்றுக் குளியல். அதனால் பேடு சீக்கிரம் தேய்வதை நான் ரோட்டின்மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். மலை ரோடு, மழை, லாரி, வேறென்ன வேண்டும்?

ஆசான் அதை ஒரே கேள்வியில் உடைத்தார். நாலு பேடும் அதே ரோட்டில்தானே ஓடியது, மற்ற மூன்றுக்கும் மழை பெய்யவில்லையா?

சரியான கேள்வி. மலை ரோடு பேடைத் தேய்க்கும், சந்தேகமில்லை. ஆனால் தேய்த்தால் இடது வலது இரண்டையும், உள் வெளி இரண்டையும் ஏறத்தாழ ஒரே அளவில் தேய்க்க வேண்டும். மிதியை அழுத்தும்போது பிரேக் ஆயிலில் உண்டாகும் அழுத்தம் இரண்டு முன் சக்கரத்துக்கும் ஒரே அளவில்தான் போகிறது, பள்ளிக்கூடத்தில் படித்த பாஸ்கல் விதிதான். அழுத்தம் ஒன்று, தேய்மானம் வேறு வேறு என்றால் கோளாறு பேடிலும் இல்லை, ஓட்டுகிறவர் காலிலும் இல்லை. பெரும்பாலும் அது பிடிப்பதில் இருக்கிற கோளாறும் இல்லை, விடுவதில் இருக்கிற கோளாறு. ஒரு மணி நேரம் ஓட்டினால் மிதியில் கால் இருப்பது மொத்தம் சில நிமிஷம்தான். விட்ட பிறகும் விலகாமல் டிஸ்க்கில் லேசாக ஒட்டிக்கொண்டே வருகிற பேடு அந்த ஒரு மணி நேரமும் உரசுகிறது. லேசாகத்தான், ஆனால் முழு நேரமும்.

இது புரிய வேண்டுமானால், பேடுகளை டிஸ்க்கின்மேல் வைத்து அழுத்துகிற கேலிப்பர் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். நம் ஊரில் ஓடும் சாதாரணக் கார்களில் பெரும்பாலும் இருப்பது நகரும் வகைக் கேலிப்பர், ஒரே ஒரு பிஸ்டன், அதுவும் டிஸ்க்கின் உள்பக்கம் மட்டும். பிஸ்டன் உள் பேடைத் தள்ளுகிறது, சரி, வெளி பேடை யார் தள்ளுவது? யாரும் தள்ளுவதில்லை. படகில் நின்றுகொண்டு கழியால் கரையை உந்தினால் கரை நகராது, படகுதான் பின்னால் போகும், இல்லையா? அதே மாதிரி பிஸ்டன் உள் பேடை டிஸ்க்கின்மேல் அழுத்தும்போது டிஸ்க் பக்கவாட்டில் நகர முடியாது, அதனால் கேலிப்பர் உடம்பு முழுக்கப் பின்னால் நகர்ந்து தன்னோடு வெளி பேடையும் இழுத்து வந்து டிஸ்க்கின் மறுபக்கத்தில் வைத்து அழுத்துகிறது. அந்த நகர்தலுக்குத் தண்டவாளம் மாதிரி இருப்பவை இரண்டு இரும்புப் பின்கள். சுண்டுவிரல் கனம் இருக்கும், கிரீஸ் போட்டு, ரப்பர் உறை மாட்டி, நகராமல் நிற்கும் பிராக்கெட்டில் உள்ள துளைக்குள் வழுக்கிக்கொண்டு போய்வரும்.

மிதியை விட்டதும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க உள்ளே ஸ்பிரிங் எதுவும் கிடையாது. எனக்கு இது பெரிய ஆச்சரியமாக இருந்தது. பிஸ்டனைச் சுற்றி சதுர வெட்டுள்ள ரப்பர் வளையம் ஒன்று இருக்கிறது. ஆயில் கசியாமல் தடுப்பதும் அதுதான், பிஸ்டனைத் திருப்பிக் கொண்டுவருவதும் அதுதான். பிஸ்டன் முன்னால் போகும்போது அந்த வளையம் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், அழுத்தம் போனதும் முறுக்கு அவிழ்ந்து பிஸ்டனைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். எவ்வளவு தூரம் என்றால் மில்லிமீட்டரில் ஒரு சின்னப் பங்கு. வெளி பேடுக்கு அந்த உதவியும் கிடையாது, பின்கள் தடங்கலில்லாமல் வழுக்கினால்தான் அது டிஸ்க்கை விட்டு விலகும். ஆக ஒரு கிழட்டு ரப்பர் வளையமோ காய்ந்துபோன ஒரு பின்னோ போதும், பேடு விலகாமல் நின்றுவிட.

இனி அந்தத் தினசரித் தாளுக்கு வருவோம். பேடு தேய்ந்திருக்கிற விதத்தைப் பார்த்தாலே எங்கே கை வைக்க வேண்டும் என்று ஏறத்தாழச் சொல்லிவிடலாம்.

உள் பேடு கரைந்து வெளி பேடு கனமாக இருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். பிஸ்டன் திரும்பி வரவில்லை என்பது ஒன்று. பிஸ்டன் முகப்பில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்து தண்ணீரும் மண்ணும் உள்ளே போய்த் துருப்பிடித்திருக்கும், அல்லது அந்தச் சதுர வளையம் வயதாகி விறைத்திருக்கும். மற்றொன்று, பின்கள் இறுகிப்போய்க் கேலிப்பர் நகரவே இல்லை, அதனால் வெளி பேடு பெயருக்கு உட்கார்ந்திருக்க உள் பேடு மட்டும் தனியாளாக வேலை செய்திருக்கிறது. எது என்று கண்டுபிடிப்பது எளிது. பேடைக் கழற்றிவிட்டுக் கேலிப்பரைக் கையால் முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும், அது வழுக்கினால் பின்கள்மேல் குற்றம் இல்லை. அப்புறம் சி கிளாம்ப் வைத்து பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ள வேண்டும். ஒரே சீராக அழுந்திப் போனால் சரி, பாதி வழியில் நின்று, முக்கி, சட்டென்று போனால் அங்கேதான் துரு.

வெளி பேடு மட்டும் கரைந்திருந்தால் முதல் சந்தேகம் பின்கள்தான். பிஸ்டனின் பலத்தில் கேலிப்பர் வந்துவிட்டது, திரும்பிப் போக அதற்கு வலுவில்லை.

ஒரே பேடில் ஒரு முனை மெலிந்து மறுமுனை தடித்து ஆப்பு மாதிரி இருந்தால், இரண்டு பின்களில் ஒன்று ஓடுகிறது, ஒன்று பூட்டிக்கொண்டது என்று அர்த்தம். கேலிப்பர் நேராக நகராமல் கோணிக்கொண்டு ஒரு முனையை மட்டும் அழுத்துகிறது. இல்லாவிட்டால் பேடின் காது பிராக்கெட்டில் உட்காரும் இடத்தில், அங்கே மாட்டியிருக்கும் ஸ்டீல் கிளிப்புக்கு அடியில், துரு பொங்கி மேலெழும்பி பேடை இறுக்கிப் பிடித்திருக்கும். சாரலில் ஊறும் வண்டிகளில் இந்தத் துருவை நான் இதுவரை எட்டிப் பார்த்த எல்லாவற்றிலும் பார்த்துவிட்டேன், அதிலும் இடது பக்கம் அதிகம். நாம் இடது ஓரமாக ஓட்டுகிற ஆட்கள், ரோட்டோரச் சேற்றில் போவது எப்போதும் இடது சக்கரம்தான் என்பதால் இருக்கலாம் என்பது என் கணிப்பு. கண்ணால் தேடிப் பார்க்க வேண்டிய அளவுக்கு லேசான சாய்வு மட்டும் இருந்தால் மெனக்கெட வேண்டாம்.

ஒரு பக்கச் சக்கரத்தின் இரண்டு பேடும் சேர்ந்து கரைந்து மறுபக்கம் இரண்டும் நன்றாக இருந்தால்தான் விஷயம் சுவாரசியமாகும், அவசரப்பட்டால் தப்பு செய்வதும் இங்கேதான். கரைந்த பக்கம் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம், அது ஒன்று. கரையாத பக்கம் வேலையே செய்யாமல் இருக்கலாம், அது இன்னொன்று. அந்தப் பக்கத்து பிஸ்டன் இறுகியிருக்கும், அல்லது பேடில் பிரேக் ஆயிலோ கிரீஸோ பட்டுப் பிடிப்பே போயிருக்கும், முழுச் சுமையையும் கரைந்த பக்கம் சுமந்திருக்கும். புதுசு மாதிரி இருக்கிறதே என்று நாம் மெச்சுகிற பேடுதான் குற்றவாளி. ஓட்டும்போது இதைப் பிரித்துவிடலாம். பிரேக் மிதிக்காமலே வண்டி ஒரு பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. மிதிக்கும்போது மட்டும் இழுத்தால், இழுக்கிற பக்கம் ஒழுங்காகப் பிடிக்கிறது, எதிர்ப்பக்கம்தான் பிடிக்கவில்லை. டயரில் காற்று, அலைன்மெண்ட் இதெல்லாம் சரியாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் இந்த முடிவுக்கு வர வேண்டும், ரோடு ஓரமாகச் சாய்ந்திருந்தாலும் வண்டி இழுக்கத்தான் செய்யும்.

கேலிப்பருக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியே பார்த்தால் அதில் ஒரு கீறல்கூடத் தெரியாது. வயதான ஹோஸின் உட்சுவர் பிய்ந்து தொங்கி ஒருவழிக் கதவு மாதிரி ஆகிவிடும். மிதிக்கும்போது காலின் பலத்தில் ஆயில் உள்ளே போய்விடும், விட்டதும் திரும்பி வர வழியில்லாமல் கேலிப்பருக்குள்ளேயே அழுத்தமாகத் தங்கிவிடும். இதற்கு ஆசானிடம் ஒரு சோதனை இருக்கிறது. சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பிரேக்கை மிதித்து விட்டுவிட்டுக் கையால் சுற்றிப் பார்ப்பார். இறுக்கமாக இருந்தால் கேலிப்பரில் ஏர் எடுக்கிற நிப்பிளைக் கொஞ்சம் திறப்பார். ஆயில் பீய்ச்சியடித்து சக்கரம் உடனே இலகுவாகச் சுற்றினால், உள்ளே அழுத்தம் மாட்டியிருந்தது, கேலிப்பர்மேல் பழி இல்லை, ஹோஸையோ அதற்கு மேலே, மிதியை அழுத்தினால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையோ பார்க்க வேண்டும். ஹோஸின் மேல் முனையைத் தளர்த்தியும் சக்கரம் விடாமல், நிப்பிளைத் திறந்தால் மட்டும் விட்டால் ஹோஸேதான். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் இறுக்கமாகவே இருந்தால் பிஸ்டனோ பின்னோ ஜாம்.

எல்லா ஏற்றத்தாழ்வும் கோளாறு இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நல்ல வண்டியையும் பிரித்துப் போட்டுவிடுவோம். முன் பேடு பின்னால் இருப்பதைவிட வேகமாகத் தேயும், பிரேக் போடும்போது பாரம் முன்னால் சாய்கிறது. பின்னால் டிரம் பிரேக் உள்ள வண்டிகளில் இரண்டு ஷூவில் முன்பக்கத்து ஷூ அதிகம் தேயும், சுற்றும் டிரம் அதைத் தானாகவே தன்மேல் இழுத்துக்கொள்கிறது, அது அந்த அமைப்பின் இயல்பு. உள் பேடுக்கும் வெளி பேடுக்கும் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஒன்று மற்றதில் பாதிதான் இருக்கிறது என்றால் தேட வேண்டும்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாதா என்றால், முடியும், ஆனால் அதில் ஒரு வலை இருக்கிறது. அலாய் வீல் சந்து வழியாக எட்டிப் பார்த்தால் தெரிவது வெளி பேடு. உள் பேடு டிஸ்க்குக்கு அந்தப் பக்கம் ஒளிந்திருக்கிறது, என் வண்டியில் செத்தது அதுதான். டயருக்குக் காற்று அடிக்கிற ஒவ்வொரு தடவையும் நான் குனிந்து பார்த்து 'பேடு இருக்கு' என்று திருப்தியாக எழுந்திருக்கிறேன். சரி, பேடு தீர்ந்தால் கீச்சென்று சத்தம் போடும் ஒரு தகர நாக்கு இருக்கிறதே? இருக்கிறது, ஆனால் பல கார்களில் அது உள் பேடில் மட்டும்தான் இருக்கும், வெளி பேடு முதலில் தீர்ந்தால் அது வாயே திறக்காது. எனக்குப் போட்டிருந்த மலிவு பேடில் அந்த நாக்கே இல்லை. பில்லில் மிச்சமான ரூபாய் அங்கேதான் மிச்சமாகியிருக்கிறது.

நம்பகமான வழி சூட்டைப் பார்ப்பது. செங்கோட்டையிலிருந்து தென்காசி வரை சமமான ரோட்டில், முடிந்தவரை பிரேக்கைத் தொடாமல் ஓட்டிவந்து, கியரைக் குறைத்து மெதுவாக நிறுத்திவிட்டு, இரண்டு முன் சக்கரத்தின் பக்கத்திலும் புறங்கையை நீட்டிப் பார்த்தால் போதும். டிஸ்க்கைத் தொடக் கூடாது, தோல் போய்விடும். தள்ளி நின்றாலே ஒரு பக்கம் அடுப்பு மாதிரி அனல் வீசினால் பதில் கிடைத்துவிட்டது. தொடாமல் சூடு பார்க்கும் அந்தத் துப்பாக்கி மாதிரிக் கருவி இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். எனக்கு மைலேஜ் குறைந்ததும் தெரிந்தது, இடது வீலில் மட்டும் கரித்தூள் அப்பிக்கிடந்ததும் தெரிந்தது, இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் தெரியவில்லை.

சூடு என்றதும் ஞாபகம் வருகிறது, இது வெறும் பணச் செலவு விஷயம் இல்லை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதுசாக இருக்கும்போது டாட் 3 வகைக்குக் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், டாட் 4 வகைக்கு 230. ஈரம் ஏறிய பிறகு தரக்கட்டுப்பாடு கேட்கும் அளவு முறையே 140, 155 டிகிரிதான். ஒட்டிக்கொண்டே ஓடும் பேடு அந்தப் பக்கத்துக் கேலிப்பரை ஏற்கெனவே சுட வைத்திருக்கும், கோட்டைவாசலிலிருந்து புளியரைக்கு இறங்கும்போது லாரிக்குப் பின்னால் மிதித்துக்கொண்டே வந்தால் அதற்கு மேலும் சூடு. ஆயில் ஓரிடத்தில் கொதித்து ஆவிக் குமிழ் உண்டானால் மிதி பஞ்சு மாதிரி அமுங்கும், ஆவி அழுந்துமே தவிர பிஸ்டனைத் தள்ளாது. எஸ் வளைவில் அந்த அனுபவம் யாருக்கும் வேண்டாம். ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். இறக்கத்தில் இரண்டாம் கியரில் இறங்கச் சொல்வதும் இதனால்தான். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் ஆக்சிலேட்டரை விட்டு இறங்கினால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடும், நியூட்ரலில்தான் ஐடிலுக்கு எரியும். மிச்சமும் இல்லை, பிரேக்கும் வெந்துபோகும்.

சரி, என் வண்டியில் என்னதான் இருந்தது?

ஆசான் கேலிப்பரின் இரண்டு பின்களையும் இழுத்தார். மேல் பின் வழுக்கிக்கொண்டு வந்தது. கீழ்ப் பின் வரவில்லை. ஸ்பேனரால் திருகி, ஆட்டி, நெம்பி, கடைசியில் பாட்டில் கார்க் மாதிரி 'டப்' என்று வந்தது. அந்தப் பின்னின் நுனியில் சின்னதாக ஒரு ரப்பர் புஷ் இருக்கும், கேலிப்பர் தடதடக்காமல் இருக்க. அது ஊறிப்போன கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தது. துளை முழுக்கப் பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று கிரீஸ். விரலில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார், வீல் பேரிங்குக்குப் போடுகிற கிரீஸ் என்று.

மூன்று செட்டின் கதையும் இதில் அடங்கிவிட்டது. யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தில்தான் கிரீஸ் வைத்திருக்கிறார், ஆனால் கையில் கிடைத்த கிரீஸை வைத்திருக்கிறார். கனிம எண்ணெயில் செய்த சாதாரண கிரீஸ் பட்டால் பிரேக்கில் உள்ள ரப்பர் உப்பும். உப்பிய புஷ் துளைக்குள் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்துகொள்ளும். மேல் பின் ஓட, கீழ்ப் பின் பூட்ட, கேலிப்பர் கோணலாக நின்று உள் பேடின் ஒரு முனையை எப்போதும் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அதில் புதுப் பேடு போட்டால் புதுப் பேடும் அதே மாதிரி கரையும். கரைந்தது.

சரிசெய்த விதத்தைச் சொல்கிறேன், நீங்களே செய்யாவிட்டாலும் பக்கத்தில் நின்று பார்க்கும்போது உதவும். கேலிப்பரைக் கழற்றியதும் ஹோஸில் தொங்கவிடாமல் ஒரு கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டினார். பிஸ்டனைத் தள்ளுவதற்கு முன் மேலே ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து கொஞ்சம் ஆயிலை ஊசியால் உறிஞ்சி எடுத்தார், இல்லாவிட்டால் பொங்கி வழிந்து பெயின்ட்டை அரித்துவிடும். பிராக்கெட்டில் இருந்த ஸ்டீல் கிளிப்புகளைப் பிடுங்கி அடியில் இருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். ஒரு கை நிறையத் துரு உதிர்ந்தது. தூளை வாயால் ஊதவோ ஏர் அடிக்கவோ விடவில்லை, ஈரத் துணியால் துடைத்தார். பேடில் என்னென்ன கலந்திருக்கிறார்களோ, நுரையீரலுக்கு அது நல்லதில்லை. துளையைக் கழுவ பெட்ரோலும் மண்ணெண்ணெயும் கிட்டேயே வரக் கூடாது, பிரேக் கிளீனர் மட்டும்தான்.

பின், புஷ், உறை மூன்றும் சேர்ந்த கிட் பேடு செட்டைவிட மலிவுதான். ரப்பருக்கு ஒத்துப்போகும், சூடு தாங்கும் சிலிகான் கிரீஸை மெல்லிசாகத் தடவினார். நான் தாராளமாக வைக்கச் சொன்னேன், கூடாதாம். துளைக்குள் கிரீஸ் நிறைந்தால் காற்றும் கிரீஸும் சேர்ந்து பின்னை வெளியே தள்ளும், அதுவும் ஒரு ஜாம்தான். இன்னொன்று, இரண்டு பின்களும் பார்க்க ஒன்று போலிருந்தாலும் புஷ் உள்ளது எந்தத் துளையில் இருந்ததோ அதே துளைக்குத்தான் போக வேண்டும், அவசரத்தில் மாற்றிப் போடுகிறவர்கள் உண்டு.

பிஸ்டன் உறை கிழியவில்லை, பிஸ்டனிலும் துருக் குழி இல்லை, அதனால் சீல் கிட் மாற்ற வேண்டியதில்லை என்றார். குழி விழுந்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்துச் சமாளிப்பதில் அர்த்தமில்லை, பிஸ்டனையோ கேலிப்பரையோ மாற்றுவதுதான் வழி. பின்பக்கமும் டிஸ்க் உள்ள பல வண்டிகளில் ஹேண்ட்பிரேக் அந்தக் கேலிப்பரிலேயே சேர்ந்திருக்கும், அங்கே பிஸ்டனை கிளாம்ப் வைத்து அமுக்கினால் உடைந்துவிடும், திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். பட்டன் ஹேண்ட்பிரேக் வண்டி என்றால் கம்ப்யூட்டரில் சர்வீஸ் மோட் போடாமல் தொடவே வேண்டாம்.

இடது டிஸ்க்கின் உள்முகத்தில் இரும்பு உரசிய வரி ஆழமாக விழுந்திருந்தது. லேத்தில் ஃபேஸிங் போட்டால் போகாதா என்று கேட்டேன். டிஸ்க்கிலேயே குறைந்தபட்சக் கனம் இத்தனை மில்லிமீட்டர் என்று பொறித்திருப்பார்கள், வெர்னியர் வைத்து அளந்து காட்டினார், கடைந்தால் அதற்குக் கீழே போய்விடும். இரண்டு பக்கமும் டிஸ்க் மாற்றினோம். பேடும் இரண்டு பக்கமும் புதுசு. நல்ல மூன்று பேடையும் தூக்கிப்போட எனக்கு மனசே இல்லை, ஆனால் ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம் பழசு என்றால் பிடிப்பு வேறாகி வண்டி இழுக்கும்.

மாட்டி முடித்ததும் சாவியைத் தொடுவதற்கு முன்னால் மிதியை நாலைந்து தடவை மிதிக்கச் சொன்னார். தள்ளிவைத்த பிஸ்டன் பேடைத் தொடும்வரை மிதி தரை வரைக்கும் போகும், அதை மறந்து ஒர்க்ஷாப் சுவரில் முட்டியவர்கள் இருக்கிறார்கள். மறுநாள் விடியற்காலை ஆளில்லாத நேர் ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைத்து, முழுசாக நிறுத்தாமல், ஆற விட்டு மறுபடியும் குறைத்து, பத்துத் தடவை செய்தேன். புதுப் பேடின் லைனிங் டிஸ்க்கின்மேல் ஒரே சீராகப் படிவதற்கு இது. பின்னால் வந்த பால் வண்டிக்காரர் என்னைக் குடிகாரன் என்று நினைத்திருப்பார்.

இந்த ஆசானைப் பற்றி ஒரு வார்த்தை. ஒர்க்ஷாப் புனலூரில், பேச்சு பாதி தமிழ் பாதி மலையாளம். 1956 நவம்பர் வரைக்கும் செங்கோட்டையும் திருவிதாங்கூர்-கொச்சியில்தானே இருந்தது, நம்ம ரெண்டு ஊருக்கும் ஸ்பேனர் ஒண்ணுதான் என்பார். பேடு மாற்ற வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் அந்தத் தினசரித் தாளை விரிப்பார். 'பழைய பேடைக் காட்டுங்க, நாலையும் காட்டுங்க, பின்னு ஓடுதான்னு என் கண் முன்னால ஆட்டிக் காட்டுங்க' என்று எந்த ஒர்க்ஷாப்பிலும் கேட்கலாம் என்பதை அங்கேதான் கற்றேன். கேட்டால் முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள், அங்கே மறுதடவை போவதில்லை.

பொதுவாக முன் பேடு 30,000 கிலோமீட்டராவது வரும், லைனிங் 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது, நாலில் எது மெலிசோ அதுதான் கணக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை, சாரல் முடிந்ததும், பின்களைக் கழற்றித் துடைத்துக் கிரீஸ் போடச் சொல்லியிருக்கிறார். போன மாதம் ஏழாயிரம் கிலோமீட்டர் ஆனபோது அளந்தோம். இடது உள் 8 மில்லிமீட்டர், இடது வெளி 8, வலது உள் 8, வலது வெளி 7.5. அந்த அரை மில்லிமீட்டரை விரலால் தொட்டுக் காட்டினேன்.

"அது கிடக்கட்டும் அண்ணாச்சி," என்றார், "மழை கழிஞ்சிட்டு வாங்க, பாப்போம்."